வீராணம் ஏரிக்கு அரசன் பெயர் நிலைத்தது. ஊருக்கு ஏன் நிலைக்கவில்லை?

வடவாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். பல ஆண்டுகளாக மனத்தில் கிடக்கும் கேள்வி இது. விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

முதலாம் பராந்தக சோழன் 907 முதல் 955 வரை ஆண்டான். அவனுக்கு வீரநாராயணன் என்று ஒரு விருதுப்பெயர். எங்கள் ஏரிக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள்: வீரநாராயணன் ஏரி. ஏரியின் தென்கோடியில் பிரமதேயமாக, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட ஊராக, விளங்கிய ஊருக்கும் அதே பெயர்: வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். வைணவ நூல்கள் அதை வீரநாராயணபுரம் என்கின்றன. ஆக, ஏரிக்கும் ஊருக்கும் ஒரே அரசனின் ஒரே பெயர்.

ஏரி அந்தப் பெயரை வீராணம் என்று சுருக்கி இன்றுவரை காப்பாற்றி வருகிறது. ஊரோ அதை முழுவதுமாக இழந்துவிட்டது. இன்று அங்கே இறங்கி வீரநாராயணபுரத்துக்கு வழி கேட்டால் கோயில் பட்டாச்சாரியாரைத் தவிர வேறு யாரும் பதில் சொல்லமாட்டார்கள். பஸ்ஸின் நெற்றியில் காட்டுமன்னார்கோயில் என்று இருக்கிறது. பழைய பத்திரங்களில் காட்டுமன்னார்குடி என்று இருக்கிறது.

தண்ணீருக்கு நினைவு இருந்து மண்ணுக்கு இல்லாமல் போனது எப்படி? எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. ராசாதித்தன் படையோடு வந்து தங்கியிருந்தபோது வீரர்களைக் கொண்டு இந்த ஏரியை வெட்டி, தந்தையின் பெயரை இட்டான் என்பது எங்கள் பக்கம் வழிவழியாக வரும் செய்தி. அந்த இளவரசன் 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே மாண்டான். அவன் தந்தையின் பெயர் ஊரிலிருந்து நழுவிப்போனதற்கு ஏதேனும் காரணம் இருக்கத்தானே வேண்டும்?

கல்மேல் எழுத்து

நல்ல கேள்வி. முதலில் ஊரின் பழைய பெயர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவோம்.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டியிருக்கும் உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் உள்ள ஒரு கல்வெட்டு தமிழ்நாட்டில் அதிகம் பேசப்பட்ட கல்வெட்டுகளில் ஒன்று. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு. ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனை’, அதாவது ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன் முதலானோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய நிலங்களையும் உறவினர் நிலங்களையும் பறிமுதல் செய்தது பற்றிய அரசாணை அது. எல்லோரும் கொலையைப் பற்றியே பேசுவார்கள். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது ஆணையின் முகவரியை. அது வடகரைப் பிரமதேயமான வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறி மக்களுக்கு, அதாவது ஊர்ச்சபையாருக்கு, எழுதப்பட்டிருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடகரை.

அந்தப் பெயரை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். அரசன் சபைக்கு எழுதும்போது பயன்படுத்துகிறான். சபை நிலத்தை விற்கும்போது பயன்படுத்துகிறது. அது ஆவணத்தில் வாழ்ந்த பெயர். சபை என்ற அமைப்பு இருந்தவரை அந்தப் பெயருக்கு வேலை இருந்தது. சோழர் ஆட்சி 13ஆம் நூற்றாண்டில் முடிந்து, சதுர்வேதிமங்கலச் சபைகளும் ஓய்ந்தபோது, அந்தப் பெயரைச் சொல்லவேண்டிய தேவை யாருக்கும் இல்லாமல் போயிற்று.

உங்கள் ஊர் மட்டும் இல்லை. திருவாரூர் மாவட்டத்து மன்னார்குடிக்கு இராசாதிராசச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் இருந்தது. காவேரிப்பாக்கத்துக்கு அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம். மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் விருதுப்பெயர் அது. ராசாதித்தன் முகாமிட்டிருந்த திருநாவலூருக்கே ராசாதித்தபுரம் என்று ஒரு பெயர் வழங்கியது. எல்லாம் போய்விட்டன. சதுர்வேதிமங்கலம் என்ற ஒட்டோடு வந்த பெயர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு இன்று வழக்கில் இல்லை என்றே சொல்வேன். ஆகவே வியப்புக்குரியது ஊர் பெயரை இழந்தது இல்லை. ஏரி அதைத் தக்கவைத்துக்கொண்டதுதான்.

நாலாயிரம்

கல்வெட்டு ஐயா சொன்னதில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். மறுபாதியில் வைணவர்களின் குரலும் சேரவேண்டும்.

ஊர் பெயரை இழந்துவிட்டது என்பது சரியில்லை. அரசன் பெயரை விட்டுப் பெருமாள் பெயருக்கு மாறியது. மன்னனார் என்பது அங்கே எழுந்தருளியிருக்கும் பெருமாளின் திருநாமம். சோழநாட்டுக்குள் இன்னொரு மன்னார் இருக்கிறார். மன்னார்குடியில் ராஜமன்னார், ராஜகோபாலன். இருவரையும் பிரித்துச் சொல்ல இவர் காட்டுமன்னார் ஆனார். மூலவரை இன்றும் வீரநாராயணப் பெருமாள் என்றே சேவிக்கிறோம். ஆக, அரசன் பெயர் ஊரைவிட்டு வெளியேறிப் பெருமாளிடம் அடைக்கலம் புகுந்திருக்கிறது. அது இழப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்ரீமந் நாதமுனிகள் அவதரித்த ஊர் அது. மேல்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னனார் சன்னதியில் ‘ஆராவமுதே’ என்று தொடங்கும் திருவாய்மொழிப் பாசுரங்களைப் பாடக் கேட்டார். அந்தப் பதிகம் ‘ஆயிரத்துள் இப்பத்தும்’ என்று முடிய, மீதி எங்கே என்று தேடி நம்மாழ்வாரின் குருகூருக்குப் போனார். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் முழுவதும் நமக்குக் கிடைத்தது. அவருடைய பேரர் ஆளவந்தாரும் அங்கே பிறந்தவர். ஊர்ப்பெயர் எங்கள் குருபரம்பரையில் தினமும் சொல்லப்படுகிறது.

ஒரு கேள்வியும் வைக்கிறேன். சம்பிரதாயக் கணக்கின்படி நாதமுனிகள் அவதாரம் 823 அல்லது 824. பராந்தகன் பட்டத்துக்கு வந்தது 907. வீரநாராயணபுரத்தில் நாதமுனிகள் பிறந்தார் என்றால், பராந்தகனுக்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெயர் இருந்திருக்க வேண்டாமா? ஊரிலிருந்தும் பெருமாளிடமிருந்தும் அரசன் பெயரை எடுத்துக்கொண்டான் என்று ஏன் கொள்ளக்கூடாது?

கல்மேல் எழுத்து

நாலாயிரம் அவர்களுக்கு, மரியாதையோடு சொல்கிறேன். குருபரம்பரை நூல்கள் நாதமுனிகளுக்குச் சில நூறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. எழுதியவர்கள் தங்கள் காலத்தில் அந்த ஊருக்கு வழங்கிய பெயரால் எழுதினார்கள். எந்த வரலாற்று எழுத்திலும் நடப்பதுதான் இது.

இதற்குச் சான்று அதே நூல்களில் இருக்கிறது. அரசனும் பெண்களும் வேட்டை முடிந்து போவதைக் கண்டு, கண்ணனும் கோபியரும் போகிறார்கள் என்று நாதமுனிகள் பின்தொடர்ந்து கங்கைகொண்ட சோழபுரம் வரை போனதாக ஒரு செய்தி வருகிறது. ஆளவந்தார், நாதமுனிகளின் சீடரான குருகைக் காவலப்பனைக் காணப் போனதும் அங்கேதான். கங்கைகொண்ட சோழபுரம் எப்போது எழுந்தது? முதலாம் இராசேந்திரனின் படை கங்கைவரை சென்று வென்று திரும்பிய பிறகு, 11ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில். நாதமுனிகள் 823இல் பிறந்தவர் என்றால் அந்த நகரத்தின் பெயர் அவர் வாழ்க்கைக்குள் வர வழியே இல்லை. நடந்த இடம் அதுவாக இருந்திருக்கலாம். பெயர் பின்னால் வந்த பெயர். வீரநாராயணபுரத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஆய்வாளர் பலரும் நாதமுனிகளைப் பத்தாம் நூற்றாண்டை ஒட்டியே வைக்கிறார்கள். அப்படிக் கொண்டால் அவருடைய முதுமையில் ஊருக்குப் பராந்தகன் பெயர் புதிதாக வந்திருக்கும். அவர் பிறந்தபோது அது வேறு பெயரில் இருந்திருக்கும்.

நாலாயிரம்

கங்கைகொண்ட சோழபுரம் பற்றி நீங்கள் காட்டியது வலுவான இடம்தான். ஆனால் அரசனுக்கு நாராயணன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தப் பெயர் கோயிலுக்குத் திரும்பியிருக்கிறது என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை.

பொருநைக்காரன்

இடையில் புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தென்காசிப் பக்கமும் வீராணம் என்று ஓர் ஊர் உண்டு. சேலம் பக்கமும் உண்டு. பாண்டியர்களிலும் ஒரு வீரநாராயணன் இருந்தான். பராந்தக வீரநாராயணன், தளவாய்புரச் செப்பேடு வெளியிட்டவன். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டவன். பெயரும் பராந்தகன், விருதும் வீரநாராயணன். கடலூர் வீராணத்தை அந்தப் பாண்டியனோடு சேர்த்துப் பேசுபவர்களை இணையத்தில் பார்த்திருக்கிறேன். சோழன்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

கல்மேல் எழுத்து

இடமும் சூழலும் சொல்கின்றன. பாண்டியர் 880ஐ ஒட்டித் திருப்புறம்பியத்தில் தோற்ற பிறகு கொள்ளிடத்தின் இரு கரையும் சோழரின் பிடிக்குள் வந்துவிட்டன. அதன் பிறகு அந்தக் கரைநெடுகப் பராந்தகன் குடும்பத்துப் பெயர்கள் வரிசையாக விழுகின்றன. வடகரையில் திருமழபாடிக்குப் பக்கத்தில் கண்டராதித்தம் இருக்கிறது. பராந்தகனின் மகன் பெயர். வடக்கே திருநாவலூரில் ராசாதித்தபுரம், இன்னொரு மகன் பெயர். உடையார்குடிக் கோயிலிலும் பராந்தகன் காலம் முதலே கல்வெட்டுகள் இருக்கின்றன. தென்காசி வீராணத்தைப் பாண்டியனோடு சேர்த்துப் பார்ப்பதில் எனக்குத் தடை இல்லை. அது தனி இழைக்கு உரியது, தொடங்குங்கள், வருகிறேன்.

மதகடி

இந்த இழையை இரண்டு நாள்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கல்வெட்டும் குருபரம்பரையும் பேசிவிட்டீர்கள். ஏரி பேசவில்லை. என் தந்தையார் பாசனத்தில் லஸ்கராக வேலை பார்த்தவர். மதகு திறப்பதும் அளவு பார்ப்பதும்தான் எங்கள் வீட்டுப் பேச்சு. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

வீராணத்தின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. முழு மட்டம் 47.50 அடி. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 44,856 ஏக்கர். தெற்கே காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை. வடக்கே சேத்தியாத்தோப்பு வரை கரை போகிறது. ஏறக்குறைய 14 கிலோமீட்டர். கொள்ளிடத்தில் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. மிகுந்தால் வெள்ளியங்கால் ஓடையில் ஒரு பங்கும் சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றில் ஒரு பங்கும் போகும். கிழக்குக் கரைமேலேயே சாலை. பஸ்ஸில் போனால் ஒரு பக்கம் கடல்போலத் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் சம்பா வயல்.

இத்தனை ஊருக்கும் பாயும் ஏரியை எந்த ஊர் தன் பெயரால் அழைக்க முடியும்? காட்டுமன்னார்கோயில் ஏரி என்று சொன்னால் பூதங்குடிக்காரர் ஒத்துக்கொள்வாரா? பூதங்குடி ஏரி என்றால் கந்தகுமாரன் ஊர்க்காரர் விடுவாரா? எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டியிருந்தது. அரசன் வைத்த பெயர் அதற்கு உதவியது. நாள்தோறும் எத்தனையோ ஊர்க்காரர்கள் எத்தனை அடி, எப்போது திறப்பு என்று கேட்கும்போது சொன்ன பெயர் என்பதால்தான் அது தேய்ந்து வீராணம் ஆனது. பேசப்படாத பெயர் தேயாது, அப்படியே செத்துப்போகும். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் கல்லில் ஓர் எழுத்துகூடக் குறையாமல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஊருக்கு நிலைமை வேறு. ஊர்க்காரர் தம் ஊரைப் பெயர் சொல்லி அழைப்பதே இல்லை. ஊருக்குப் போகிறேன் என்றுதான் சொல்வார். ஊரின் பெயரைச் சொல்கிறவர் வெளியிலிருந்து வருகிறவர். அவர் எதற்காக வருகிறார்? மன்னார் கோயிலுக்கு வருகிறார், அல்லது சந்தைக்கு வருகிறார். கோயிலைச் சொல்லி ஊரைச் சொன்னார்கள், அதுவே பெயராகிவிட்டது.

மேரூர் மகள்

மதகடி சொன்னது அருமை. ஆனால் எங்கள் ஊரை வைத்து உரசிப் பார்க்க வேண்டும். நான் உத்தரமேரூர்.

குடவோலைக் கல்வெட்டால் எங்கள் ஊர் எல்லோருக்கும் தெரியும். அதுவும் இதே பராந்தகன் காலம், 919, 921. அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று ஒரு தனி வாரியமே இருக்கிறது. எங்கள் ஏரிக்கு வயிரமேகத் தடாகம் என்று பெயர். தந்திவர்மப் பல்லவனின் விருதுப்பெயர். இன்று அதை உத்தரமேரூர் ஏரி, பெரிய ஏரி என்றுதான் சொல்கிறோம். வயிரமேகம் என்ற சொல்லை நானே கல்லூரிக்குப் போன பிறகுதான் கேள்விப்பட்டேன்.

ஏரி ஓயவில்லை, தண்ணீர் பாய்கிறது, ஏரியைக் கவனிக்க வாரியமும் இருந்தது. ஆனாலும் அரசன் பெயர் ஏரியைவிட்டுப் போய்விட்டது. ஊர்ப்பெயர் நிலைத்துவிட்டது. உங்களுக்கு நடந்ததற்கு நேர் எதிர். அப்படியென்றால் ஏரி நினைவு வைத்துக்கொள்ளும், ஊர் மறந்துவிடும் என்று பொதுவாகச் சொல்ல முடியுமா?

மதகடி

முடியாது. நீங்கள் சொன்ன ஏரி, என் கருத்துக்குத் துணையாகத்தான் வருகிறது. உத்தரமேரூர் ஏரியை ஆண்டது ஒரே சபை. அந்த ஒரே ஊரின் வாரியம் அதைக் கவனித்தது. ஊருக்குச் சொந்தமான ஏரிக்கு ஊர்ப்பெயரே போதும், தனிப்பெயர் தேவையில்லை. காவேரிப்பாக்கம் ஏரி, மதுராந்தகம் ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி எல்லாம் அப்படித்தான். ஏரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஓர் ஊர் அதற்குத் தலைமை என்று ஆகிவிட்டால் அந்த ஊரின் பெயர் ஏரியின்மேல் ஏறிக்கொள்ளும். வீராணத்துக்கு அப்படித் தலைமை ஊர் ஒன்று இல்லை. சதுர்வேதிமங்கலம் தலைமையாக இருந்திருக்கும். அது ஓய்ந்த பிறகு அந்த இடத்துக்கு வேறு ஊர் வரவில்லை.

மதுராந்தகத்தை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அங்கேயும் சோழ அரசன் பெயர்தான். மதுராந்தகச் சதுர்வேதிமங்கலம் ‘சதுர்வேதிமங்கலத்தை’ உதறிவிட்டு அரசன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. ஏரிக்கும் அதே பெயர். பெருமாளுக்கு ஏரி பெயரைக் கொடுத்துவிட்டார்கள், ஏரிகாத்த ராமர் என்று. கரை உடையும் என்று அஞ்சிய இரவில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றதைக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்டார் என்பது கதை; அவர் பெயர் பொறித்த கல்வெட்டு 1798இல் தாயார் சன்னதியில் வைக்கப்பட்டது. எங்கள் பக்கம் பெருமாளின் பெயர் ஊருக்கு வந்தது; அங்கே ஏரியின் பெயர் பெருமாளுக்குப் போனது. இரண்டையும் நடத்தியவர்கள் மக்கள்தான். அரசாணை எதுவும் இல்லை.

கல்மேல் எழுத்து

மதகடி சொல்லும் தலைமை ஊர்க் கருத்து எனக்குப் புதிது. கல்வெட்டுப் படிப்பவர்கள் இந்தக் கோணத்தில் பார்ப்பதில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அதைச் சோதிக்க ஓர் ஏரி இருக்கிறது.

கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் வெட்டிய ஏரிக்குச் சோழகங்கம் என்று பெயர். கங்கை நீரைக் கொண்டுவந்து, நீரால் ஆன வெற்றித்தூணாக அதை நிறுத்தினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பாடுகிறது. அவ்வளவு பெருமையோடு வைத்த பெயர். இன்று அது பொன்னேரி. 19ஆம் நூற்றாண்டிலேயே பாழடைந்து, 16 மைல் நீளக் கரை மட்டும் மண்மேடாக நின்றதை ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரின் பெயரோ கங்கைகொண்ட சோழபுரம் என்று இன்றும் முழுதாக இருக்கிறது.

அங்கே ஏரி வறண்டது. அதைக் கேட்டுப் பெற ஆயக்கட்டுக்காரர் இல்லை. பழைய பெயரைச் சுமக்க ஆள் இல்லாமல், பிறகு சுற்றுவட்டாரத்தார் வைத்த பெயர் நின்றது. பல ஊர்களுக்குப் பொதுவான பெரிய ஏரி என்பதால் அப்போதும் ஊர்ப்பெயரை ஏற்கவில்லை; தனிப்பெயரே பெற்றது. ஊரைப் பொறுத்தவரை, அந்தப் பெரிய கோயில் நின்றது. அதற்கு அரசன் பெயர் தவிர வேறு பெயர் சொல்ல முடியாத நிலை. வீராணமும் பொன்னேரியும் பக்கத்துப் பக்கத்து ஏரிகள், ஒரே வம்சம் வெட்டியவை, விளைவு மட்டும் நேர் எதிர்.

கந்தளாய்க் கரை

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் பேசும் சதுர்வேதிமங்கலங்கள் கடல் கடந்தும் வந்தன. எங்கள் கந்தளாய்க்கு நடந்ததையும் கேளுங்கள்.

கந்தளாய்க் குளம் மிகப் பழையது. இரண்டாம் அக்கபோதி என்ற அனுராதபுர மன்னன் ஏழாம் நூற்றாண்டில் கட்டியதாகப் பாளி நூல் சொல்கிறது; அதில் கங்காதட என்று வருகிறது. ‘கோணேசர் கல்வெட்டு’ என்ற நூலைப் படித்து வளர்ந்த நாங்கள் குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டியது என்று சொல்வோம். சோழர் ஆட்சி வந்தபோது ஊருக்கு இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்று பெயரானது. சோழரை வென்று முதலாம் விஜயபாகு ஆண்டபோது அந்தப் பெயரை எடுத்துவிட்டு விஜயராசச் சதுர்வேதிமங்கலம் ஆக்கினார்கள். பளமோட்டைக் கல்வெட்டில் அது இருக்கிறது. வென்றவன் சிங்கள அரசன். ஆனாலும் சதுர்வேதிமங்கலத்தையும் தமிழ்க் கல்வெட்டையும் விடவில்லை, முன்னால் இருந்த அரசனின் பெயரை மட்டும் மாற்றினான். அங்கேயிருந்த சிவன் கோயிலுக்கும் விஜயராச ஈசுவரம் என்று பெயர்.

அந்தக் கல்வெட்டு ஊரை எப்படிச் சொல்கிறது தெரியுமா? கந்தளாயான விஜயராசச் சதுர்வேதிமங்கலம் என்று. இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறது. சனங்கள் சொன்ன பெயர் முதலில், அரசன் வைத்த பெயர் பிறகு. இராசராசனும் போனான், விஜயராசனும் போனான். கந்தளாய் நிற்கிறது, குளத்துக்கும் ஊருக்கும் சேர்த்து. 1986 ஏப்ரல் 20 அன்று குளக்கட்டு உடைந்து பலர் இறந்தார்கள். அந்த நாளைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேசும்போது குளம் உடைத்த ஆண்டு என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பிறகு கட்டிய கட்டுக்கும் வேறு பெயர் யாரும் வைக்கவில்லை.

கல்மேல் எழுத்து

‘கந்தளாயான’ என்ற அந்த ஆன-வை எல்லோரும் ஊன்றிப் பார்க்க வேண்டும். நம் கல்வெட்டுகளிலும் ‘காவேரிப்பாக்கமான அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம்’ என்றே வரும். எங்கெல்லாம் முன்னால் பழைய ஊர்ப்பெயர் இருக்கிறதோ அங்கெல்லாம் அதுவே மீண்டு வந்திருக்கிறது. அரசன் பெயர் மேலே போட்ட சால்வை. கீழே உடம்பு இருந்தால் சால்வையை எடுத்தாலும் ஆள் நிற்பான். உடையார்குடிக் கல்வெட்டின் அந்த ஆணையில் அப்படி முன்பெயர் ஒன்று இல்லாமல் நேரே வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்றே வருகிறது. அதனால்தான் அரசன் பெயர் ஓய்ந்தபோது ஊர் மீண்டு போகப் பழைய பெயர் இல்லாமல், கோயிலிடம் புதுப்பெயர் கேட்கவேண்டி வந்தது.

கொடிக்கால்

நான் லால்பேட்டை. எங்கள் ஊரும் இதே ஏரிக்கரைதான். ஏரியின் நீர்மட்டச் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பெயரும் சேர்ந்து வரும். லால்கான் என்பவர் பெயரால் அமைந்த பேட்டை என்று பெரியவர்கள் சொல்வார்கள். நவாபு காலத்துப் பெயர். பேட்டை என்ற ஒட்டே நீங்கள் பேசுகிற மங்கலங்களுக்குப் பிறகு வந்த காலத்தைக் காட்டுகிறது.

ஓர் ஊர்வட்டத்திலேயே மூன்று காலம் இருக்கிறது பாருங்கள். உடையார்குடி சிவன் கோயிலால், காட்டுமன்னார்கோயில் பெருமாளால், லால்பேட்டை ஒரு நவாபு காலத்து மனிதரால். மூன்று ஊரும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்கு வரும் தண்ணீரை நாங்களும் வீராணத்துத் தண்ணீர் என்றுதான் சொல்கிறோம். வீரநாராயணன் யார் என்று எங்கள் பாட்டனாருக்குத் தெரியாது. அந்தப் பெயரைத் தம் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வடவாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது ஒன்று, கிடைத்தது நிறைய.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறேன். ஊருக்குப் பழைய பெயரை மீட்டுத் தரவேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. வீரநாராயணபுரம் என்று ஊர் எல்லையில் ஒரு பலகை நின்றால் எவ்வளவு அழகு! ‘பொன்னியின் செல்வன்’ படித்துவிட்டு, ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை எது என்று தேடி வருகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு ஊரையும் காட்டவேண்டாமா? அதே ஏரியின் பெயர் 2004 முதல் புதிய வீராணம் திட்டத்தால் சென்னைக் குழாய்கள்வரை போய்விட்டது. பழைய திட்டத்துக்காகக் கொண்டுவந்த ராட்சதக் குழாய்கள் சாலையோரம் ஆண்டுக்கணக்கில் கிடந்த காலத்திலேயே அந்தப் பெயர் எல்லோருக்கும் பாடமாகிவிட்டது. ஊருக்கு மட்டும் ஏன் அந்தப் பேறு இல்லை?

நாலாயிரம்

வேண்டாம், தம்பி. பலகை வையுங்கள், பெயரை மாற்றாதீர்கள். காட்டுமன்னார் என்பது நேற்று வந்த பெயர் இல்லை. யாருடைய ஆணையும் இல்லாமல், சேவிக்க வந்த கோடிக்கணக்கான வாயிலிருந்து வந்த பெயர். அதை எடுத்துவிட்டு அரசன் பெயரைத் திணித்தால், அன்று விஜயராசன் கந்தளாயில் செய்ததைத்தான் நாமும் செய்தவர்களாவோம். பழைய பெயரைக் கோயில் வைத்திருக்கிறது. திருநாமத்தில் இருக்கிறது. போய்ச் சேவியுங்கள்.

மதகடி

நாலாயிரம் ஐயா சொன்னதுதான் என் கருத்தும். ஊர்ப்பெயர் மாற்றத்தைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் வீராணத்துக்கு 74 மதகு என்றும், அதைக் கண்டுதான் இராமானுசர் 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்தார் என்றும் சொல்கிறார்கள். கதை எப்படியோ போகட்டும். இன்று இருக்கும் மதகுகளுக்கு எங்கள் தந்தையார் காலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. சில ஊர்ப்பெயர், சில ஆள்பெயர், சில மரத்தின் பெயர். இப்போது எண் போட்டுவிட்டார்கள். பெயர் தெரிந்த லஸ்கர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். வாய்க்கால் பெயர், வயல்வெளிப் பெயர், கரையில் மாடு இறங்கும் துறையின் பெயர், இவை எந்தக் கல்லிலும் இல்லை. அந்தத் தலைமுறை போனால் போனதுதான்.

வடவாற்றங்கரை, நீங்கள் தெற்கிலிருந்து தொடங்குங்கள். நான் சேத்தியாத்தோப்புப் பக்கமிருந்து வருகிறேன். கொடிக்கால், லால்பேட்டை மதகுகளை நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா?

கொடிக்கால்

முடியும். பேட்டையில் பழைய நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருக்கிறார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அவரைப் பார்த்துப் பேசுகிறேன். பெயர்களைத் தனி இழையில் பதிவிடலாமா, இதிலேயே போடலாமா?

வடவாற்றங்கரை

தனி இழை தொடங்கிவிட்டேன்: ‘வீராணம் மதகுகள், வாய்க்கால்கள், துறைகள்: பெயர்த் தொகுப்பு’. முதல் பதிவாகத் தெற்கு முனையில் எனக்குத் தெரிந்த பெயர்களைப் போட்டிருக்கிறேன். பெயரோடு அது எந்த ஊர் வயலுக்குப் பாய்கிறது என்பதையும், யார் வாயால் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சொன்னவர் பெயர் வேண்டாம், வயதும் தொழிலும் போதும். மேரூர் மகள், உங்கள் வயிரமேகத் தடாகத்துக்கும் இப்படி ஒன்று தொடங்கலாமே.